சொட்டுநீருக்கு நூறு சதவீத மானியம்: எங்கே மாட்டிக்கொள்வீர்கள்?

சிறு, குறு விவசாயிக்கு சொட்டுநீர்ப் பாசனம் அமைக்க நூறு சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். தமிழ்நாட்டில் பல வருடங்களாக இதுதான் நடைமுறை. 2015-இல் வந்த பிரதமரின் நீர்ப்பாசனத் திட்டத்தின் கீழ் அடிப்படை மானியம் சிறு, குறு விவசாயிக்கு 55, மற்றவர்களுக்கு 45 சதவீதம்தான், மீதியை மாநில அரசு போட்டு இந்த அளவுக்குக் கொண்டுவருகிறது. திட்டத்தின் வரலாறு இவ்வளவு போதும். கிணற்றில் தண்ணீரும் காட்டில் பயிரும் இருந்தும் காகிதம் சரியில்லாமல் திரும்பி வருகிறவர்களை எங்கள் பக்கம் நிறையப் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சிறு, குறு விவசாயி சான்றிதழ். நூறு சதவீதமா 75-ஆ என்பது இந்த ஒரு தாளைப் பொறுத்தது. ஐந்து ஏக்கருக்குள் இருந்தால் சிறு விவசாயி என்று எல்லோரும் சொல்கிறார்கள், அது புன்செய்க்கு மட்டும். நன்செய் என்றால் வரம்பு இரண்டரை ஏக்கர், அதாவது ஒரு ஏக்கர் நன்செய் இரண்டு ஏக்கர் புன்செய்க்குச் சமம். உங்களிடம் நன்செய் 2 ஏக்கர், புன்செய் 2 ஏக்கர் இருந்தால் மொத்தம் நாலு ஏக்கர்தானே என்று நினைப்பீர்கள். கணக்கில் அது ஆறு ஏக்கர் புன்செய், நீங்கள் வரம்புக்கு வெளியே. ராமநாதபுரம், சிவகங்கை பக்கம் இது பெரிய கொடுமை. கண்மாய்ப் பாசனம் என்று பதிவேட்டில் நன்செய்யாக இருக்கும், கண்மாய் நிரம்பிப் பல வருடம் ஆகியிருக்கும், நிலத்தில் கிணற்றுத் தண்ணீரை வைத்து மிளகாய் போட்டுக்கொண்டிருப்பார்கள். தாசில்தார் அலுவலகத்துக்கு அதெல்லாம் தெரியாது, பதிவேட்டில் நன்செய் என்றால் நன்செய்தான். அதனால் விண்ணப்பிக்கும் முன் சிட்டாவை, அதாவது உங்கள் நிலத்தின் வகையும் அளவும் உள்ள வருவாய்த் துறைத் தாளை, எடுத்து வகைப்பாட்டைப் பாருங்கள். வேறு கிராமத்தில் உங்கள் பெயரில் இருக்கும் நிலத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மேலே போகும். ஆன்லைன் என்று பெயர், ஆனால் “விஏஓ நேரில் வரச் சொன்னார்” என்ற தகவல் வந்துவிடும். போகத்தான் வேண்டும். போகும்போது விண்ணப்ப எண் உள்ள ரசீதைக் கையில் வைத்திருங்கள். அது இல்லாமல் போனால் “இன்னும் எங்களுக்கு வரவில்லை” என்ற ஒரே பதிலில் ஒரு மாதம் ஓடிவிடும்.

அடுத்தது பட்டா. வறண்ட மாவட்டங்களில் பாதிப் பேர் விழுவது இங்கேதான். நிலம் தாத்தா பெயரில் இருக்கும், இல்லையென்றால் அண்ணன் தம்பி மூன்று பேர் கூட்டுப் பட்டாவில் இருப்பார்கள். பங்கு பிரித்து இருபது வருடமாக அவரவர் தனியாக உழுது கொண்டிருந்தாலும் காகிதத்தில் பிரியவில்லை என்றால் பிரியவில்லைதான். மற்ற பங்காளிகளின் சம்மதக் கடிதத்தை ஒரு வட்டாரத்தில் வாங்கிக்கொள்கிறார்கள், பக்கத்து வட்டாரத்தில் முடியாது என்கிறார்கள். உங்கள் வட்டாரத்தில் என்ன வழக்கம் என்று முன்பே கேட்டுவிடுங்கள். முடியாது என்றால் உட்பிரிவு பட்டா மாறுதலுக்கு இன்றைக்கே விண்ணப்பம் போடுங்கள், ஏனென்றால் சர்வேயர் வருவதற்குள் ஒரு போகம் முடிந்துவிடும். கிணறு தம்பியின் சர்வே எண்ணில் இருந்தால் அதற்கும் தனியாகச் சம்மதம் எழுதி வாங்குங்கள். குத்தகைக்காரர் என்றால் வாய்ப்பேச்சுக் குத்தகை செல்லாது, குறைந்தது ஏழு வருடத்துக்கு ஒப்பந்தம் கேட்பார்கள். நம் ஊரில் எந்த நிலக்காரர் ஏழு வருடத்துக்கு எழுதிக் கொடுப்பார் என்று திட்டம் போட்டவர்களைத்தான் கேட்க வேண்டும்.

சரி, காகிதம் எல்லாம் கையில். எந்த அலுவலகம்? காய்கறி, பழம், பூ, மிளகாய் என்றால் தோட்டக்கலைத் துறை. நிலக்கடலை, பருத்தி, மக்காச்சோளம், பயறு என்றால் வேளாண்மைத் துறை. தென்னந்தோப்புக்காரர் தோட்டம்தானே என்று தோட்டக்கலை அலுவலகத்தில் போய் நிற்பார், அது வேளாண்மைத் துறைக்குப் போக வேண்டியது. இரண்டு அலுவலகமும் ஒரே வளாகத்தில் இருந்தால்கூட “அங்கே போய்க் கேளுங்கள்” என்று கை காட்டுவார்களே தவிர, தாளை வாங்கி அந்தப் பக்கம் கொடுக்க மாட்டார்கள்.

இன்னொரு பொறி, ஏழு வருடக் கணக்கு. ஒரு நிலத்துக்கு மானியம் வாங்கினால் ஏழு வருடம் கழித்துத்தான் மறுபடி கேட்கலாம். சிலருக்கு “உங்கள் சர்வே எண்ணில் ஏற்கெனவே மானியம் போயிருக்கிறது” என்று பதில் வரும், காட்டில் ஒரு அடி குழாய்கூட இருக்காது. அப்படிச் சொன்னால் பேசாமல் திரும்பி வராதீர்கள். எந்த வருடம், யார் பெயரில், எந்த நிறுவனம் அமைத்தது என்று எழுத்தில் கேளுங்கள்.

துணை நீர் மேலாண்மைப் பணிகளுக்கும் மானியம் உண்டு: ஆழ்துளைக் கிணற்றுக்கு 25,000 ரூபாய் வரை, மோட்டாருக்கு 15,000 வரை, தரைமட்டத் தொட்டிக்கு 40,000 வரை. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் செலவில் பாதிதான் தருவார்கள், முதலில் உங்கள் கைக்காசைப் போட வேண்டும், சொட்டுநீர் அமைத்தால்தான் பணம் வரும். கிணறு தோண்டும் மானியம் நிலத்தடி நீர் பாதுகாப்பாக உள்ள குறுவட்டங்களுக்கு (பிர்கா, சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு) மட்டும். உங்கள் குறுவட்டம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்காமல் இந்த மானியத்தை நம்பிக் கடன் வாங்கி போர் போட்டுவிடாதீர்கள்.

இனி கம்பெனி. அரசு அங்கீகரித்த நிறுவனங்களில் எதை எடுப்பது என்பது உங்கள் உரிமை, டீலர் உங்களைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. விண்ணப்பத்தை நானே போட்டுக்கொடுக்கிறேன் என்று வருகிற டீலரிடம் ஓடிபி சொல்வது, வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடுவது இரண்டும் வேண்டவே வேண்டாம். சிறு விவசாயியிடம் “உங்கள் பங்கு கொஞ்சம் கட்டணும்” என்று கேட்டால் எதற்கு என்று விலைப்புள்ளியில் எழுதித் தரச் சொல்லுங்கள். நூறு சதவீதம் என்பது அரசு நிர்ணயித்த அலகுத் தொகைக்குத்தான் (இவ்வளவு நிலத்துக்கு இவ்வளவு செலவு என்ற கணக்கு), அதற்கு மேல் நெருக்கமாகக் குழாய் போட்டால் கூடுதல் செலவு உங்களுடையது, அது நியாயம். குழி தோண்டும் கூலியும் பெரும்பாலும் நம் தலையில்தான் விழுகிறது. கணக்கே சொல்லாமல் பத்தாயிரம் கேட்பது நியாயமில்லை.

குழாய் வந்து இறங்கியதும் அளந்து பாருங்கள். ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். வரிசைக்கு வரிசை 1.2 மீட்டர் இடைவெளி என்றால் ஏக்கருக்கு ஏறக்குறைய 3,370 மீட்டர் பக்கவாட்டுக் குழாய் வேண்டும், ஒன்றரை மீட்டர் என்றால் 2,700. ரோலின் மேல் எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும், ரோல்களை எண்ணிப் பெருக்கினால் தெரிந்துவிடும். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா, வடிகட்டி பில்லில் உள்ள அளவுதானா என்றும் பாருங்கள். உப்புத் தண்ணீர்க் கிணறு என்றால் வடிகட்டி மட்டும் போதாது, கரைந்திருக்கும் உப்பு அதில் நிற்காது. ஆசிட் விட்டு எப்படிக் கழுவுவது என்று கம்பெனி ஆளை ஒரு தடவை செய்து காட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வெள்ளை படிந்து சொட்டுவான் அடைத்துக்கொள்ளும்.

மானியப் பணம் நேரே கம்பெனிக்குப் போகிறது. அது போவதற்கு முன் ஆய்வும் உங்கள் கையெழுத்தும் தேவை, உங்கள் கையில் இருக்கும் ஒரே பிடி அதுதான். மோட்டாரை ஓடவிட்டு, கடைசி வரிசையின் கடைசிச் சொட்டுவானில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். பணி ஆணை, பில், விற்பனைக்குப் பிந்தைய மூன்று வருடச் சேவைக்கான தாள், மூன்றின் நகலையும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.

அப்புறம், இழுத்தடித்தால் கலெக்டர் அலுவலகத்தில் மாதம் ஒரு முறை நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் எழுத்து மனுவாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள், மைக்கில் பேசிவிட்டு வந்தால் காற்றோடு போய்விடும். அதற்கும் அசையவில்லை என்றால் பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்றே கேள்வி போதும்: என் விண்ணப்பம் எந்தத் தேதியில் யார் மேஜைக்கு வந்தது, இப்போது யாரிடம் இருக்கிறது, எனக்குப் பிறகு விண்ணப்பித்த எத்தனை பேருக்குப் பணி ஆணை போயிருக்கிறது. 30 நாளில் பதில் தர வேண்டும்.