மரகதம் என்று நினைக்கப்பட்ட வண்டுச் சிறகு

1903ஆம் ஆண்டு ஜனவரியில், ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டைக் கொண்டாடிய தர்பாரை ஒட்டி டெல்லி செங்கோட்டையில் நடந்த நடன விருந்துக்கு, வைஸ்ராய் கர்சன் பிரபுவின் மனைவி மேரி கர்சன் ஏறத்தாழ நான்கரை கிலோ எடையுள்ள உடையை அணிந்து வந்தார். டெல்லி, ஆக்ரா கைவினைஞர்கள் உலோகச் சரிகையால் ஜர்தோசி வேலை செய்த துணிகள் பாரிஸுக்குக் கப்பலேறி, வொர்த் என்னும் உடை வடிவமைப்பு நிறுவனத்தில் உடையாக உருப்பெற்றன. துணி முழுவதும் ஒன்றையொன்று தழுவிய மயிற்பீலிகள். ஒவ்வொரு பீலியின் கண்ணிலும் நீலமும் பச்சையுமாக மின்னும் ஒரு சிறு துண்டு. பார்த்தவர்களில் பலர் அவற்றை மரகதம் என்றே எண்ணினர். உண்மையில் அவை வண்டின் சிறகுகள்.

நம் ஊர்ப் பிள்ளைகள் தீப்பெட்டியில் இலை போட்டு அடைத்து, முட்டையிட்டதா என்று திறந்து திறந்து பார்க்கிற பொன்வண்டின் குடும்பமே இத்தகைய சிறகுகளைத் தருகிறது. சிறகு என்று சொன்னாலும் அது பறக்க உதவுவதன்று. பறக்கும் சிறகு கண்ணாடித்தாள் போல மெல்லியது. அதை மடித்து வைத்து மேலே மூடிக்கொள்ளும் கெட்டியான முன்சிறகைத்தான் தையற்காரர்கள் பயன்படுத்தினர். காய்ந்த முன்சிறகில் ஊசியை இறக்கினால் வெடித்துவிடும் என்பதால், ஆவியில் காட்டி இளக்கி, வேண்டிய வடிவில் நறுக்கி, ஓரத்தில் துளையிட்டு, நூலால் துணியோடு பிணைப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெட்ராஸிலும் ஐதராபாத்திலும் மெல்லிய மஸ்லின் துணியில் இவ்வேலை செய்யப்பட்டு, ஐரோப்பியச் சீமாட்டிகளின் மாலைநேர உடைகளாயிற்று.

இந்தச் சிறகை அம்மியில் இட்டு அரைத்தால் பச்சைப் பொடி கிடைக்காது. மங்கிய பழுப்புப் பொடியே மிஞ்சும். ஏனெனில் அதில் பச்சைச் சாயம் என்று எதுவுமே இல்லை. சிறகின் மேற்பரப்பில், மெலனின் என்னும் கருநிறமி மிகுந்த அடுக்கும் குறைந்த அடுக்கும் மாறி மாறிப் படிந்திருக்கின்றன. ஒளி ஓர் அடுக்கிலிருந்து மற்றொன்றுக்குள் நுழையும் ஒவ்வோர் எல்லையிலும் அதில் மிகச் சிறு பங்கு திரும்புகிறது. பச்சை ஒளியின் அலைநீளம் சுமார் 550 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). அடுக்குக்குள் நுழைந்ததும் அந்த நீளம் சுருங்குகிறது. சுருங்கிய நீளத்தில் கால் பங்கு, அதாவது 90 நானோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக, ஒவ்வோர் அடுக்கின் தடிமனும் அமைந்துவிட்டால், எல்லா எல்லைகளிலிருந்தும் திரும்பும் பச்சை அலைகள் முகட்டோடு முகடு பொருந்தி ஒன்றை ஒன்று வலுப்படுத்துகின்றன. பிற நிற அலைகள் அப்படிப் பொருந்தாமல் உள்ளே கடந்து, அடியிலுள்ள கருமையில் உறிஞ்சப்படுகின்றன. அந்தக் கரிய பின்னணி இல்லையென்றால் பச்சை வெளுத்துப்போயிருக்கும். தலைமயிர் ஒன்றின் குறுக்களவுக்குள் இத்தகைய அடுக்குகள் பல நூறு அடங்கும் என்பதை நினைத்தால், ஒரு புழு கூட்டுக்குள் உருமாறும் காலத்தில் இவ்வளவு துல்லியமாகப் பூசி முடிப்பது வியப்பாகவே இருக்கிறது.

சிறகைச் சாய்த்துப் பார்க்கும்போது ஒளி அடுக்குகளைச் சரிவாகக் கடக்கிறது. அப்போது அடுத்தடுத்த எல்லைகளிலிருந்து திரும்பும் அலைகளுக்கு இடையேயுள்ள பாதை வேறுபாடு குறைந்து, இன்னும் குறுகிய அலைநீளமே பொருந்தி வருவதால், பச்சை நீலத்தை நோக்கி நகர்கிறது. நடனமாடும் பெண்ணின் ஒவ்வோர் அசைவிலும் உடை நிறம் மாறியது இதனால்தான். மரகதம் இதைச் செய்யாது. அதன் பச்சை, படிகத்தில் கலந்த குரோமியமோ வனேடியமோ சிவப்பையும் ஊதாவையும் விழுங்குவதால் வருவது, எந்தக் கோணத்திலும் அது பச்சைதான். அன்று விருந்தினர் சற்று நிதானித்துப் பார்த்திருந்தால் ஏமாந்திருக்கமாட்டார்கள். மயிற்பீலியின் நிறமும் சாயத்தால் வருவதன்று, நுண்ணமைப்பால் வருவது. பீலியின் கண்ணில் வண்டுச் சிறகை வைத்தவர் அறிவியல் அறியாமலேயே சரியான இணையைத் தேர்ந்திருக்கிறார்.

இன்று இங்கிலாந்தின் கெடில்ஸ்டன் மாளிகையிலுள்ள அந்த உடையில் உலோகச் சரிகை மங்கிவிட்டது. சிறகுகள் மட்டும் பளபளப்பை இழக்கவில்லை. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு வினைபுரிந்து கரிய வெள்ளி சல்பைடை உண்டாக்குகின்றன; வெள்ளிக்கம்பி மேல் பூசிய பொன் மெல்லியதாகவோ தேய்ந்தோ இருந்தால், உள்ளிருக்கும் வெள்ளி அதற்கு இரையாகிறது. சாயங்களின் கதையும் அதுவே: நிறம் காட்டுவதற்காக ஒளியை உறிஞ்சும் மூலக்கூறு, அந்த ஆற்றலாலேயே நாளடைவில் உடைகிறது. வண்டுச் சிறகோ தன் நிறத்துக்குரிய ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. எஞ்சியதை உறிஞ்சும் மெலனின் எளிதில் சிதையாத பொருள். ஜப்பானின் ஹோரியூஜி கோயிலில், ஏழாம் நூற்றாண்டில் வண்டுச் சிறகு பதித்துச் செய்த சிறு மாடத்தில் சிறகுகள் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டாலும், மாடம் இன்றும் அவ்வண்டின் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

சிறகுக்கும் பலவீனம் உண்டு. அது மங்காது, ஆனால் நொறுங்கும். 1888இல் லண்டனில் ஷேக்ஸ்பியர் நாடகத்தில் லேடி மேக்பெத்தாக நடித்த நடிகை எலன் டெர்ரி அணிந்த உடையில் ஏறத்தாழ ஆயிரம் சிறகுகள் இருந்தன. அதன் பழுதுபார்ப்பு 2011இல் முடிந்தது. உடைந்த சிறகுகளின் பின்புறம் ஜப்பானியத் தாளைக் கோதுமைப் பசையால் ஒட்டித் தாங்கல் கொடுத்து, மீண்டும் துணியில் தைத்தார்கள். இத்தகைய உடைகளை அருங்காட்சியகங்கள் பொதுவாக 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு மேற்படாத மங்கிய வெளிச்சத்தில் வைக்கின்றன. அந்தக் கட்டுப்பாடு துணிக்கும் சாயத்துக்கும் வேண்டியது. சிறகுக்கு அது தேவையில்லை, அந்த வெளிச்சத்தில் அதன் முழு மினுக்கம் தெரிவதும் இல்லை.