40 குதிரைத்திறன் எங்கே போகிறது?

எண்ணூர் நெட்டுக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவர்கள் வீட்டில் 28 அடி ஃபைபர் படகு இருக்கிறது. அதில் 9.9 குதிரைத்திறன் வெளிப்பொருத்தும் எஞ்சின். அதைக் கழற்றிவிட்டு 40 குதிரைத்திறன் எஞ்சின் வாங்கினால் நான்கு மடங்கு வேகம் கிடைக்கும், விடிவதற்குள் மீனைக் காசிமேட்டு ஏலத்துக்குச் சேர்த்துவிடலாம் என்கிறாராம் அண்ணன். அப்பா வேண்டாம் என்கிறார், ஆனால் காரணம் சொல்வதில்லை. யார் சொல்வது சரி என்பது கேள்வி.

அப்பா சொல்வதில்தான் நியாயம் அதிகம். அதற்குக் காரணம் தண்ணீருக்குள் இருக்கிறது.

முதலில் நான்கு மடங்குக் கணக்கை முடித்துவிடலாம். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் படகுக்கு வேகம் இரட்டிப்பாக வேண்டுமானால் திறன் ஏறக்குறைய எட்டு மடங்கு வேண்டும். ஆகவே திறனை நான்கு மடங்காக்கினால் மிஞ்சிப்போனால் 1.6 மடங்கு வேகம் கிடைக்கும். அதுவும் முழுதாகக் கிடைக்காது. ஓடும் படகு தன் அணியத்தில், அதாவது முன்முனையில், ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலை நீண்டுகொண்டே போய், ஒரு கட்டத்தில் படகின் நீளத்துக்குச் சமமாகிவிடுகிறது. அப்போது அணியம் ஒரு முகட்டிலும் பின்பகுதி அடுத்த முகட்டின் விளிம்பிலும் நிற்கின்றன. அதற்கு மேல் வேகம் வேண்டுமென்றால் படகு தானே எழுப்பிய அலையின் மீது ஏற வேண்டும். தண்ணீரில் 25 அடி நீளம் படியும் படகுக்கு இந்த எல்லை மணிக்கு சுமார் 12 கிலோமீட்டர். ஆழ்கடல் அலையின் வேகச் சூத்திரத்தில் அலைநீளமாக 7.6 மீட்டரைப் போட்டால் இந்த விடை வரும். 9.9 குதிரைத்திறன் எஞ்சினே பெரும்பாலும் இதன் அருகில் கொண்டுபோய்விடும்.

அந்த அலையை ஏறிக் கடந்து, நீரின் மேல் வழுக்கிச் செல்லும் படகுகள் உண்டு. அதற்குப் பின்பகுதி அகலமாகவும் அடிப்பக்கம் தட்டையாகவும் இருக்க வேண்டும். ஒரு குதிரைத்திறனுக்கு 20 முதல் 25 கிலோவுக்கு மேல் சுமை கூடாது என்பது தோராயக் கணக்கு. நம் வாசகரின் படகு போகும்போது ஆட்கள், எஞ்சின், வலை எல்லாம் சேர்த்து 1000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 40 குதிரைத்திறன் அதை ஒருவாறு மேலே தூக்கிவிடும். திரும்பும்போது மீன், பனிக்கட்டி, நனைந்த வலை எல்லாம் ஏறி 1500 கிலோ ஆகிவிட்டால் ஒரு குதிரைத்திறனுக்கு 37 கிலோ. படகு பின்பக்கம் அமிழ்ந்து, அணியத்தைத் தூக்கிக்கொண்டு, தன் அலையோடு மல்லுக்கட்டிக்கொண்டு வரும். எரிபொருள் மிக அதிகமாகச் செலவாவது இந்த நிலையில்தான். ஏலத்துக்கு விரைவது திரும்பும்போதுதானே? அவசரம் இல்லாதபோது வேகத்தையும், அவசரமான வேளையில் செலவையும் இந்த எஞ்சின் தரும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன்: புரொப்பெல்லர்.

எஞ்சின் நிமிடத்துக்கு 5000 முறை சுழல்கிறது, கியர் அதைப் பாதியாக்கி 2500 ஆக்குகிறது என்று கொள்வோம். புரொப்பெல்லரில் இரண்டு எண்கள் பொறித்திருக்கும். முதலாவது விட்டம், இரண்டாவது பிட்ச். கெட்டியான பொருளுக்குள் திருகினால் ஒரு சுற்றில் எவ்வளவு முன்னேறுமோ அதுதான் பிட்ச். அது 10 அங்குலம் என்றால் நிமிடத்துக்கு 635 மீட்டர், அதாவது மணிக்கு 38 கிலோமீட்டர் போக வேண்டும். படகு போவதோ 12, 13. மீதி எங்கே? நீர் கெட்டியான பொருள் இல்லை. கடற்கரை மணலில் ஓடும்போது ஒவ்வோர் அடிக்கும் மணல் பின்னால் சரிகிறதே, அப்படித்தான் நீரும் பின்னால் நழுவுகிறது. நழுவினால்தான் உந்துவிசையே பிறக்கும். நீரைப் பின்னால் தள்ளுவதற்கான எதிர்வினையாகத்தான் படகு முன்னால் போகிறது.

இங்கே ஓர் அருமையான கணக்கு இருக்கிறது. நொடிக்கு 100 கிலோ நீரை நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் தள்ளினாலும், 200 கிலோ நீரை 1 மீட்டர் வேகத்தில் தள்ளினாலும் கிடைக்கும் உந்துவிசை ஒன்றுதான். ஆனால் நீரில் வீணாய்ப்போகும் ஆற்றல் முதலாவதில் 200 ஜூல், இரண்டாவதில் 100 ஜூல். நிறைய நீரை மெதுவாகத் தள்ளுவது எப்போதும் லாபம். பாரம் இழுக்கும் படகுக்குப் பெரிய விட்டமும் சிறிய பிட்சும் உள்ள புரொப்பெல்லர் மெதுவாகச் சுழல்வது நல்லது என்பதற்கு அடிப்படை இதுவே. யமஹாவின் 9.9 குதிரைத்திறன் எஞ்சின்களில் இரண்டு வகைகள் உண்டு. சாதாரண வகையில் கியர் விகிதம் 2.08, பாரம் இழுப்பதற்கென்று செய்த வகையில் 2.92. திறன் அதேதான், ஆனால் பின்னது பெரிய புரொப்பெல்லரை மெதுவாகச் சுழற்றி நன்றாக இழுக்கும். (10 என்று வைக்காமல் 9.9 என்று வைத்ததற்குக் காரணம், அமெரிக்காவின் பல ஏரிகளில் 10 குதிரைத்திறனுக்குக் குறைவான எஞ்சின்களுக்கே அனுமதி.)

சிறிய புரொப்பெல்லரை வைத்துக்கொண்டே எஞ்சினை மட்டும் முறுக்கினால் என்ன ஆகும்? 10 அங்குல விட்டம் 2500 முறை சுழலும்போது இலையின் நுனி நொடிக்கு 33 மீட்டர் வேகத்தில் நீரைக் கிழிக்கிறது. மணிக்கு 120 கிலோமீட்டர்! நீர் வேகமாக ஓடும் பக்கத்தில் அழுத்தம் குறைகிறது. ஆகவே இலையின் முன்முகம் நீரை உறிஞ்சுகிறது என்று சொல்கிறோம். உண்மையில் யாரும் நீரை இழுக்க முடியாது. இலை விலகிய இடத்துக்கு நீரைத் தள்ளிக் கொடுப்பது எண்ணூர்க் கடலின் மேல் நிற்கும் காற்றின் எடை, அதாவது சதுர மீட்டருக்குப் பத்து டன். புரொப்பெல்லர் அரை மீட்டர் ஆழத்தில் இருப்பதால் நீரின் எடை அதோடு இருபதில் ஒரு பங்கைத்தான் சேர்க்கிறது. இலைகளின் மொத்தப் பரப்பு 250 சதுர சென்டிமீட்டர் என்றால், உறிஞ்சும் பக்கத்திலிருந்து கிடைக்கக்கூடிய விசை 250 கிலோவைப் பெரிதாகத் தாண்டாது. எத்தனை குதிரைத்திறனை மேலே மாட்டினாலும் வளிமண்டலம் அதற்கு மேல் தராது.

அதையும் மீறி முறுக்கினால் நீர் கொதிக்கிறது. உருவகமாகச் சொல்லவில்லை, மெய்யாகவே கொதிக்கிறது. நீர் 100 டிகிரியில் கொதிப்பது சாதாரண வளிமண்டல அழுத்தத்தில்தான். அழுத்தம் அதில் இருபத்துநான்கில் ஒரு பங்காகக் குறைந்தால் 30 டிகிரியிலேயே கொதித்துவிடும். நம் கடல்நீரின் வெப்பநிலையே ஏறக்குறைய அவ்வளவுதான். இலையின் முன்முகத்தில் நீராவிக் குமிழ்கள் பூக்கின்றன. இலை பிடிப்பதற்கு நீர் இல்லாமல் ஆவியைக் கிளறுகிறது. சத்தமும் அதிர்வும் கூடும், வேகம் கூடாது. அடுத்த கணம் அந்தக் குமிழ்கள் அழுத்தம் உள்ள பகுதிக்கு வந்ததும் நொறுங்குகின்றன. சுற்றியுள்ள நீர் எல்லாத் திசைகளிலிருந்தும் ஒரு புள்ளியை நோக்கிப் பாய்ந்து, ஊசி போன்ற தாரையாக உலோகத்தில் அறைகிறது. பழைய புரொப்பெல்லரின் இலையில் புழு அரித்ததுபோல் குழிகள் தெரிந்தால், பல வேளைகளில் அது உப்பின் வேலை மட்டுமல்ல. இந்த நொறுங்கலின் கணக்கை 1917-இல் எழுதியவர் ராலே பிரபு.

இங்கிலாந்தின் சார்லஸ் பார்சன்ஸ் 1894-இல் டர்பினியா என்ற கப்பலில் தான் கண்டுபிடித்த நீராவிச் சுழலியைப் பொருத்தி ஓட்டிப் பார்த்தார். திறன் ஏராளம், வேகம் 20 நாட் அளவைக்கூட எட்டவில்லை (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர்). சுழலியைக் குறை சொல்லாமல் அவர் புரொப்பெல்லரைச் சந்தேகித்தார். சிறு தொட்டி ஒன்றைச் செய்து, அதில் புரொப்பெல்லரைச் சுழற்றி, விட்டுவிட்டு மின்னும் ஒளியில் குமிழ்களைக் கண்ணால் பார்த்தார். பிறகு ஒரு தண்டுக்குப் பதில் மூன்று தண்டுகள், ஒவ்வொன்றிலும் மூன்று புரொப்பெல்லர்கள் என்று சுமையைப் பிரித்துக் கொடுத்தார். 1897-இல் விக்டோரியா அரசியின் கடற்படை அணிவகுப்பில் அதே கப்பல் 34 நாட் வேகத்தில் பாய்ந்தது.

இதே வித்தையை ஓர் இறால் நெடுங்காலமாகச் செய்துவருகிறது. பிஸ்டல் இறால் என்பார்கள். ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்குப் பொருந்தாத அளவு பெரிதாக இருக்கும். அதைப் படாரென்று மூடும்போது பீறிடும் நீர்த்தாரையில் ஒரு குமிழ் பிறந்து நொறுங்குகிறது. இரை அதிர்ந்து விழுகிறது. காதில் விழும் அந்தச் சொடுக்கு கொடுக்குகள் மோதும் சத்தம் இல்லை, குமிழ் நொறுங்கும் சத்தம் என்று 2000-இல் இயற்பியலாளர் டெட்லெஃப் லோசேயின் குழு நிரூபித்தது. அடுத்த ஆண்டு, நொறுங்கும் கணத்தில் நுண்ணிய ஒளியும் தோன்றுவதைக் கண்டார்கள். இதைப் படித்த நாளிலிருந்து குமிழ்கள் மேல் எனக்குத் தீராத மயக்கம்.

கரையோரப் படகுகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. அது ஆவிக் குமிழ் இல்லை, மேலிருந்து இறங்கும் வெறும் காற்று. நம் கரையில் அலை உடையும் இடத்தைக் கடந்துதான் கடலுக்குள் போக வேண்டும். அந்த நுரையில் பாதி காற்று. எஞ்சினை மாட்டும் பின்பலகை உயரமாக இருந்தாலோ, எஞ்சினிலிருந்து புரொப்பெல்லர் வரை இறங்கும் ஷாஃப்ட் குட்டையாக இருந்தாலோ, புரொப்பெல்லர் மேற்பரப்பிலிருந்து காற்றை உறிஞ்சி, பிடிமானம் இழந்து அலறும். புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டையான தகடு இதைத் தடுக்கத்தான். அது படகின் அடிமட்டத்துக்குச் சமமாக அல்லது ஓர் அங்குலம் கீழே இருக்க வேண்டும். ஷாஃப்ட் பொதுவாக 15 அங்குலத்திலும் 20 அங்குலத்திலும் வருகிறது.

புது எஞ்சின் வந்ததும் இழுக்கவில்லை என்றால் கண் பட்டுவிட்டது என்று எலுமிச்சையும் மிளகாயும் கட்டுவது வழக்கம். கடலுக்குப் போகிறவர்கள் எஞ்சினுக்குப் பொட்டு வைத்துக் கும்பிடுவதை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். உயிரையும் பிழைப்பையும் சுமக்கும் பொருள் அது. ஆனால் கண்ணேறு என்று முடிவுகட்டியவர் அதற்குப் பிறகு ஷாஃப்டை அளந்து பார்ப்பதில்லை. எனக்கு வருத்தம் அதில்தான்.

வருத்தம் இன்னொன்றும் உண்டு. கிண்டி ஐஐடியில் படகு மாதிரிகளை இழுத்துச் சோதிக்கும் தொட்டி இருக்கிறது. விசாகப்பட்டினத்தில் கடற்படைக்கான ஆய்வகத்தில் அரை கிலோமீட்டர் நீளத் தொட்டியும், புரொப்பெல்லர் குமிழ்களைப் படம்பிடிக்க நீர் பாய்ச்சும் சுரங்கக் குழாயும் இருக்கின்றன. எஞ்சின் வாங்க மானியம் தரும் திட்டங்களும் உண்டு. ஆனால் மானியம் எஞ்சினைத்தான் பார்க்கிறது, அதன் அடியில் சுழலும் இலையைப் பார்ப்பதில்லை. பழவேற்காடு முதல் காசிமேடு வரை ஓடும் ஃபைபர் படகுகளின் வடிவங்களை இந்தத் தொட்டிகளில் சோதித்து, எந்தச் சுமைக்கு எந்த விட்டம், எந்தப் பிட்ச் என்று ஒரு பக்க அட்டவணை அச்சிட்டு ஒவ்வொரு குப்பத்திலும் ஒட்டினால், அதற்கு ஆகும் செலவை மிச்சமாகும் எரிபொருளிலேயே எடுத்துவிடலாம். பொதுப்பணத்தில் செய்யும் ஆய்வு இத்தகைய கேள்விகளையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்பது நம் உரிமை.

வாசகரின் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். முழு முறுக்கில் பெட்ரோல் எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஒரு லிட்டரில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூடுதலாகக் குடிக்கும். 9.9 குதிரைத்திறனுக்கு நான்கு லிட்டருக்குள் என்றால், 40-க்கு 14, 15 லிட்டர். பழைய டூ ஸ்ட்ரோக் என்றால் இன்னும் மோசம். உள்ளே போகும் எரிபொருளில் கால் பங்கு வரை எரியாமலே புகைக்குழாய் வழியே வெளியேறிவிடும். 40 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினின் எடை 100 கிலோவை ஒட்டி வரும், உங்கள் எஞ்சினைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். 10 குதிரைத்திறனுக்கென்று வார்த்த பின்பலகை அந்த எடையையும் உந்துதலையும் தாங்குமா என்று படகு கட்டியவரிடம் கேளுங்கள்.

எஞ்சினை மாற்றும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். எஞ்சினின் சுழற்சியை எண்ணிக் காட்டும் டேக்கோமீட்டர் ஒன்றை இரவல் வாங்கி, வழக்கமாகத் திரும்பும் சுமையோடு முழு முறுக்கில் ஓட்டிப் பாருங்கள். எஞ்சினின் கையேட்டில் சொன்ன சுழற்சி வரவில்லை என்றால் பிட்ச் அதிகம். ஓர் அங்குலம் குறைத்தால் நிமிடத்துக்கு 150 முதல் 200 சுழற்சிகள் கூடும். சொன்னதைத் தாண்டிப் போனால் பிட்ச் போதாது. வேகத்தைச் செல்பேசியின் ஜிபிஎஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் பார்த்துச் சராசரி எடுங்கள், நீரோட்டம் ஏமாற்றாது. இதற்குப் பிறகும் பெரிய எஞ்சின்தான் வேண்டும் என்றால், 15 குதிரைத்திறனில் பெரிய விட்டமுள்ள புரொப்பெல்லரோடு பாருங்கள். 15-க்கு மேல் போவதென்றால் படகையும் மாற்ற வேண்டியிருக்கும்.

கொசஸ்தலை முகத்துவாரம் வழியாகப் போகிறவர்கள் என்பதால் இதையும் சொல்கிறேன். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து அங்கே பல இடங்களில் ஆழம் குறைந்துவிட்டது. கலங்கிய அந்தச் சேறு எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லரை, அதாவது உள்ளே சுழலும் சிறு சக்கரத்தை, அரித்துவிடும். எஞ்சின் ஓடும்போது பின்னால் பீச்சும் நீர்த்தாரை மெலிந்தால் அன்றைக்கே இம்பெல்லரைக் கழற்றிப் பாருங்கள். எந்த எஞ்சின் வாங்கினாலும் கூடவே மாற்று இம்பெல்லர் ஒன்றும், மாற்றுப் புரொப்பெல்லர் ஒன்றும் வாங்கிப் படகிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.