ஆம்புல்லா: சொல்லும் பொருளும்

ஊசி மருந்து அடைத்து வரும் சின்னக் கண்ணாடிக் குப்பியை ‘ஆம்பியூல்’ என்கிறோமே, அதற்கு மூலம் ஆம்புல்லா என்ற லத்தீன் சொல். இருபுறமும் கைப்பிடி உள்ள பெரிய சாடி ஆம்ஃபோரா. ‘இரு பக்கமும் பிடித்துத் தூக்குவது’ என்ற கிரேக்கப் பொருளில் வந்த பெயர். அதன் குட்டிதான் ஆம்புல்லா. ரோமானியர் அதில் எண்ணெயும் வாசனைத் தைலமும் வைத்திருந்தார்கள்.

அருங்காட்சியகங்களில் இந்தச் சொல் பெரும்பாலும் கிறிஸ்தவத் திருப்பயணிகள் ஊருக்குக் கொண்டுபோன குப்பியைக் குறிக்கும். கி.பி. 570 வாக்கில் இத்தாலியின் பியாசென்சாவிலிருந்து எருசலேம் போன ஒருவர் எழுதி வைத்திருக்கிறார்: பாதி எண்ணெய் நிரப்பிய குப்பியின் வாயில் இயேசுவை அறைந்ததாக நம்பப்பட்ட சிலுவையின் மரம் பட்டதும் எண்ணெய் பொங்குமாம், சட்டென்று மூடாவிட்டால் வழிந்தே போய்விடுமாம். அந்த வகைக் குப்பிகள் இத்தாலியின் மொன்சா தேவாலயத்தில் இன்றும் இருக்கின்றன. வெள்ளீயமும் ஈயமும் கலந்தவை, உள்ளங்கைக்குள் அடங்குபவை. ‘கிறிஸ்துவின் புனித இடங்களிலிருந்து வாழ்வின் மரத்து எண்ணெய்’ என்று கிரேக்கத்தில் எழுத்து வேறு. எங்கே வாங்கியது என்று யாரும் கேட்கவே வேண்டாம்!

எகிப்தில் புனித மேனாஸின் திருத்தலமான அபு மேனாவில் கிடைத்தது சுட்ட மண் குப்பி. இரண்டு பாதிகளை அச்சில் எடுத்து ஒட்டி, கழுத்தும் பிடியும் தனியே வைப்பார்கள். நடுவில் மேனாஸின் உருவம், இருபுறமும் மண்டியிட்ட ஒட்டகங்கள்.

இங்கிலாந்தின் கேன்டர்பரியில் பேராயர் தாமஸ் பெக்கெட் 1170இல் கொல்லப்பட்டபின், அவர் இரத்தம் கலந்தது என்று நம்பப்பட்ட நீரை ஈயக் குப்பியில் அடைத்துக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு போனார்கள். சிலவற்றில் ‘நல்ல நோயாளிகளுக்குத் தாமஸே சிறந்த மருத்துவர்’ என்ற வரி. விளம்பரம் அப்போதே தொடங்கிவிட்டது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? சிமிழ் என்றால் குங்குமம் வைக்கும் மூடியுள்ள டப்பிதான் நினைவுக்கு வரும்; திரவத்துக்கு ஒட்டாது. குடுவை கொஞ்சம் பெரிது. காசியிலிருந்து கங்கை நீர் அடைத்து வரும் செம்பு, செய்யும் வேலையில் இதற்கு நெருங்கிய உறவு என்றாலும், அந்தப் பெயரை இதற்கு வைத்தால் வடிவம் மாறிப்போகும். குப்பிதான் பொருத்தம். தமிழ்க் கத்தோலிக்கர் வழக்கில் திருப்பயணம் ஏற்கெனவே இருப்பதால் ‘திருப்பயணக் குப்பி’ என்று எழுதலாம்.

பிரிட்டிஷ் முடிசூட்டு விழாவின் ஆம்புல்லாவுக்கு இது பொருந்தாது. அது 1661இல் செய்த பொன் கழுகு, அலகு வழியே எண்ணெய் வரும். அதை ‘அபிஷேக எண்ணெய்க் கலம்’ என்றால் போதும்.