ஆவணப்படம்: சொல் விளக்கம்

குடியாத்தம் பக்கம் இப்போது புதிதாக வந்த ஒரு சேனலைப் பற்றித்தான் பேச்சு. நாள் முழுக்க டாக்குமென்டரி, அதுவும் தமிழில். டீக்கடையில் ரிமோட்டை அழுத்திக்கொண்டே வந்த கடைக்காரர் அதில் நிறுத்தினார். கடலுக்கு அடியில் மூழ்கிக் கிடக்கும் ஒரு கப்பலைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பெஞ்சில் இருந்த பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இன்னாபா இது, பாட்டும் இல்ல, சண்டையும் இல்ல, ஒரே பேச்சா கீது?” என்றார்.

“டாக்குமென்டரி பெரியப்பா.”

“டாக்குமென்ட்டா? எந்த நெலத்துது?”

சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கோ, அந்தச் சொல்லின் வேரையே பெரியவர் தொட்டுவிட்டதாகப் பட்டது. நம் பக்கத்தில் டாக்குமென்ட் என்றால் நிலப் பத்திரம்தான். சார்பதிவாளர் அலுவலக வாசலில் உட்கார்ந்து அதை எழுதித் தருபவர் டாக்குமென்ட் ரைட்டர். டாக்குமென்டரியும் அதே சொல்லில் கிளைத்ததுதான். இரண்டுக்கும் மூலம் ‘டொகேரெ’ என்ற லத்தீன் வினை. கற்பித்தல், காட்டித் தருதல் என்று பொருள். அதிலிருந்து வந்த ‘டொகுமென்டும்’ முதலில் பாடம் என்ற பொருளில் இருந்து, பிறகு சான்று என்றாகி, கடைசியில் எழுதிய தாளைக் குறிக்கும் பெயராக நின்றுவிட்டது.

சினிமாவுக்குள் இந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர் என்று ஸ்காட்லாந்துக்காரரான ஜான் கிரியர்சனைச் சொல்வார்கள். சமோவாத் தீவு மக்களின் வாழ்க்கையை ராபர்ட் ஃபிளாஹர்டி படமாக எடுத்திருந்தார். 1926இல் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் அதற்கு விமர்சனம் எழுதிய கிரியர்சன், படத்துக்கு ஆவண மதிப்பு இருக்கிறது என்றார். அதுவே பிறகு ஒரு வகைப் படத்துக்கே பெயரானது.

தமிழில் இதற்குப் பல பெயர்கள் வந்து போயின. இந்திய அரசு 1948இல் பிலிம்ஸ் டிவிஷனைத் தொடங்கிய பிறகு, தியேட்டர்களில் பெரிய படத்துக்கு முன்னால் அவர்களுடைய படங்களைக் கட்டாயம் காட்ட வேண்டியிருந்தது. வெள்ளம், அணைக்கட்டு, தலைவர்களின் பயணம் எல்லாம் அதில் வரும். மக்கள் அத்தனைக்கும் சேர்த்து ‘நியூஸ் ரீல்’ என்றார்கள். எழுதுகிறவர்கள் ‘செய்திப்படம்’ என்று எழுதினார்கள். ஆனால் செய்திப்படம் வேறு, டாக்குமென்டரி வேறு. முன்னது நடந்ததைச் சொல்லிவிட்டுப் போய்விடும். பின்னது ஒரு விஷயத்தில் தங்கி விசாரிக்கும். ஏ.கே. செட்டியார் நாடு நாடாக அலைந்து காந்தியைப் பற்றிய படச்சுருள்களைத் தேடிச் சேர்த்து 1940இல் வெளியிட்ட படத்தைச் செய்திப்படம் என்றால் அந்த உழைப்பே காணாமல் போகும். ‘விளக்கப்படம்’ என்றால் பாடப் புத்தகத்தில் இருக்கும் வரைபடம்தான் நினைவுக்கு வருகிறது. இலங்கைத் தமிழர்கள் ‘விவரணப்படம்’ என்கிறார்கள்; அது நல்ல சொல். ‘குறும்படம்’ என்று சொல்வது மட்டும் தவறு. அது நீளத்தைச் சொல்கிறது, வகையைச் சொல்லவில்லை. மூன்று மணி நேர ஆவணப்படமும் உண்டு, ஐந்து நிமிடக் கதைப்படமும் உண்டு.

இன்று நிலைத்திருப்பது ‘ஆவணப்படம்’. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். ஆவணம் என்பது நேற்று மொழிபெயர்ப்புக்காக உண்டாக்கிய சொல் இல்லை. பழைய நூல்களில் கடைத்தெருவுக்கும் ஆவணம் என்று பெயர், உரிமை எழுதிய ஓலைக்கும் ஆவணம் என்று பெயர். சோழர் காலக் கல்வெட்டுகளில் விற்பனை எழுதிப் பதிவாகும் இடம் ‘ஆவணக்களரி’.

இந்தச் சொல்லின் முழு வலுவும் தெரிய வேண்டுமானால் பெரியபுராணத்தில் சுந்தரர் வழக்கைப் பார்க்க வேண்டும். கல்யாணப் பந்தலுக்குள் ஒரு கிழவர் நுழைந்து, ‘இந்த மாப்பிள்ளை எனக்கு அடிமை, இவன் பாட்டன் எழுதித் தந்த ஓலை இதோ’ என்கிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்தெறிகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்ற மூன்றில் ஒன்றையாவது காட்டு என்று சபையார் கேட்கிறார்கள். ஆட்சி என்பது நெடுநாளாக நடந்துவரும் அனுபவம். ஆவணம் எழுத்து. அயலார் காட்சி பக்கத்தில் இருப்பவர்களின் சாட்சி. கிழிந்தது படியோலைதான், மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்று கிழவர் அதை எடுத்து நீட்ட, பாட்டனுடைய வேறொரு கையெழுத்தைக் கொண்டுவந்து ஒப்புநோக்கித் தீர்ப்புச் சொல்கிறார்கள்.

நல்ல ஆவணப்படம் எடுக்க விரும்புகிறவருக்கு இந்த மூன்றும் போதும். பாலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் பகுதி நெடுகத் தோல் பதனிடும் ஊர்கள். கழிவால் நிலத்தடி நீர் கெட்டது என்று வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு அது. அந்தத் தீர்ப்பும் தண்ணீரைச் சோதித்த அறிக்கைகளும் ஆவணம். ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்த வழக்கமும், அது நின்று போனதும் ஆட்சி. கைவிட்ட கிணற்றடியில் நின்று பேசும் விவசாயி சொல்வது அயலார் காட்சி. மூன்றில் ஒன்று குறைந்தாலும் படம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். காகிதத்தை மட்டும் காட்டினால் உயிர் இருக்காது. பேட்டி மட்டும் எடுத்தால் நாளைக்கே ஒருவர் மறுத்துவிடுவார்.

புதிய சேனலைப் பார்ப்பவர்கள் சொல்லும் குறையும் இதைத் தொட்டுத்தான் வருகிறது. எல்லாம் வெளியூர்க் கதையாக இருக்கிறதே என்கிறார்கள். விண்வெளி நிகழ்ச்சி ஓடினால் ஆலங்காயத்துக்காரர்கள் தங்கள் பக்கத்தில் இருக்கும் காவலூர் வானாய்வகம் வருமா என்று எதிர்பார்க்கிறார்கள். அதில் நியாயம் உண்டு. 1977இல் யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டு என்று தெரியவந்தபோது, காவலூரில் இருந்தும் அதைப் பார்த்துப் பதிவு செய்தார்கள்.

இன்னொரு குறை டப்பிங். பேரணாம்பட்டில் ஓர் அம்மா, ஆப்பிரிக்கப் புல்வெளியில் மானைத் துரத்தும் மிருகத்தைப் பார்த்துவிட்டு, “சிறுத்தைன்றான், இது சிறுத்தையே இல்ல” என்றாராம். காட்டோரத்து ஊர் அது. ஆட்டுப்பட்டியில் சிறுத்தை இறங்கினால் என்ன ஆகும் என்று அறிந்தவர்கள். அந்த அம்மா சொன்னது சரி. சிறுத்தையின் புள்ளிகள் இதழ் விரித்த பூப்போல நடுவில் வெளிறி இருக்கும். படத்தில் ஓடியதற்குப் புள்ளிகள் முழுக் கறுப்பு, கண்ணிலிருந்து வாய் வரை கண்ணீர் வழிந்தாற்போல ஒரு கறுப்புக் கோடு. அதற்குத் தமிழில் சிவிங்கி, சிவிங்கிப்புலி என்று பெயர் இருக்கிறது. டப்பிங் எழுதியவர் இரண்டையும் சிறுத்தை ஆக்கிவிட்டார். சான்று என்று பெயர் வைத்துக்கொண்ட படத்தில் மிருகத்தின் பெயரே மாறிப்போவது சின்னப் பிழை இல்லை. பள்ளிப் பிள்ளைகள் அதை அப்படியே மனத்தில் ஏற்றிக்கொள்வார்கள்.

அப்புறம், எழுதும் முறை. ‘ஆவணப்படம்’ ஒரே சொல். ‘ப்’ விடாமல் சேர்த்து எழுத வேண்டும். ‘ஆவண படம்’ என்று பிரித்தால் பத்திரத்தை போட்டோ எடுத்தது போல ஆகிவிடும். எடுப்பவர் ஆவணப்பட இயக்குநர். அந்த வகைப் படங்களுக்கான சேனலை ‘ஆவணப்படத் தொலைக்காட்சி’ எனலாம். ‘அலைவரிசை’ வேண்டுமென்றால் ‘ஆவணப்பட அலைவரிசை’. பேச்சில் சேனல் என்பது பழகிவிட்டது, அதை விரட்ட வேண்டியதில்லை. ‘ஆவணச் சேனல்’ மட்டும் வேண்டாம். அப்படி எழுதினால் டீக்கடைப் பெரியவர் மறுபடியும் சர்வே எண் கேட்பார், அவர் கேட்பதும் சரியாகவே இருக்கும்.