உட்கரு கருமையாக இருந்தால் புற்றுநோய் பரவிவிட்டது என்று அர்த்தமா?

"உட்கரு ஹைப்பர்குரோமேட்டிக்னு போட்டிருக்கீங்க. தேடிப் பார்த்தா ரொம்பக் கருமையா இருக்குன்னு வருது. அப்போ பரவிடுச்சா டாக்டர்?" நோய்க்குறியியல் துறையில் இருக்கும் நாங்கள் நோயாளிகளை நேரில் பார்ப்பது குறைவு. ஆனாலும் பயாப்சி ரிப்போர்ட் போன கையோடு இந்தக் கேள்வி எப்படியாவது எங்கள் மேசைக்கு வந்துவிடும்.

அப்படி அர்த்தம் இல்லை. ஆனால் உட்கருவின் கருமைக்கும் செல் நகர்வதற்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. விஷயம் சுவாரசியமானது, கொஞ்சம் சிக்கலானதும்கூட.

ஸ்லைடில் தெரியும் கருநீலம் ஹீமடாக்சிலின் சாயத்தால் வருவது. உட்கருவில் அது பிடிப்பது குரோமேட்டினை; அதாவது ஹிஸ்டோன் புரதங்களின் மேல் சுற்றப்பட்ட டி.என்.ஏ.வை. ஒரு மனித செல்லின் டி.என்.ஏ.வை நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரும். அது அடங்கியிருக்கும் உட்கருவோ 10 மைக்ரானை ஒட்டிய விட்டம் உள்ளது. குரோமேட்டின் இறுக்கமாக இருக்கும் இடம் கருமையாகவும், தளர்வாக இருக்கும் இடம் வெளிறியும் தெரியும்.

செல் இடம்பெயர்வது வீடு மாற்றுவது போலத்தான். பாத்திரம் பண்டமெல்லாம் எப்படியும் போய்விடும். குறுகலான மாடிப்படியில் மாட்டிக்கொள்வது பீரோ. செல்லுக்குள் அந்த பீரோ உட்கருதான், உள்ளுறுப்புகளிலேயே பெரியதும் விறைப்பானதும் அதுதான். 2013-இல் கத்தரினா வுல்ஃப், பீட்டர் ஃபிரீடல் குழுவினர் கொலாஜன் என்ற நார்ப்புரத வலைக்குள் செல்களை விட்டு இதை அளந்தார்கள். வலையை வெட்டி வழி உண்டாக்கும் நொதிகளை முடக்கிவிட்டால், துளை சுமார் 7 சதுர மைக்ரானுக்குக் கீழே போனதும் புற்றுநோய் செல்கள் நின்றுவிட்டன. வெள்ளையணு வகைகளில் டி செல்களுக்கு அந்த எல்லை 4, நியூட்ரோஃபில்களுக்கு 2. உட்கருவின் குறுக்குவெட்டுப் பரப்பு பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும் வரைதான் செல்லால் தாக்குப்பிடிக்க முடிந்தது.

நசுங்குவதை எது தடுக்கிறது? உட்கரு உறையின் உட்புறம் இருக்கும் லேமின் ஏ என்ற புரத வலை என்றுதான் நெடுநாள் அழுத்திச் சொல்லிவந்தார்கள். 2017-இல் ஜான் மார்க்கோவின் ஆய்வுக்கூடத்தில் ஒற்றை உட்கருவைத் தனியே எடுத்து நுண்குழாய்களால் இழுத்துப் பார்த்தார்கள். முதல் 3 மைக்ரான் வரையிலான இழுப்பை எதிர்ப்பது முக்கியமாகக் குரோமேட்டின். அதற்கு மேல் போனால்தான் லேமின் ஏ கைகொடுக்கிறது. டி.என்.ஏ.வைக் கட்டிவைத்திருக்கும் விதமே உட்கருவின் உறுதியில் ஒரு பங்கு என்பது அதில் தெளிவானது.

அப்படியானால் குரோமேட்டின் இறுகினால் உட்கரு விறைக்கும், விறைத்தால் இடுக்கில் நுழைய முடியாது என்றுதானே தோன்றும்? கபி கெர்லிட்ஸும் மைக்கேல் பஸ்டினும் 2010-இல் மெலனோமா என்ற தோல் புற்றுநோயின் செல்களில் கண்டது நேர்மாறு. நகரத் தொடங்கும்போது குரோமேட்டின் இறுகியது; இறுகவிடாமல் தடுத்தால் நகர்வு மந்தமானது. இறுகிய உட்கரு சிறிதாகி, நசுங்கிய பிறகு பழைய வடிவத்துக்குத் திரும்ப எளிதாக இருக்கும் என்பது ஒரு விளக்கம். எனக்கு அது நியாயமாகப் படுகிறது. ஆனால் 2020-இல் சாரா விக்ஸ்ட்ரோம் குழு தோல் செல்களை இழுத்தபோது இறுகிய குரோமேட்டின் தளர்ந்தது, உட்கரு மென்மையானது, அதனால் டி.என்.ஏ. சேதமும் தவிர்க்கப்பட்டது. செல்லுக்குச் செல், சூழலுக்குச் சூழல் விதி மாறுகிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இடுக்கில் நுழைவது இலவசமும் இல்லை. 2016-இல் லேமர்டிங், பியெல் ஆகியோரின் குழுக்கள் தனித்தனியே காட்டியது: நெருக்கடியில் உட்கருவின் உறை கிழிகிறது, டி.என்.ஏ. சேதமடைகிறது. இ.எஸ்.சி.ஆர்.டி.-3 என்ற புரதத் தொகுதி ஓடிவந்து கிழிசலை அடைக்கிறது, செல் பிழைத்துக்கொள்கிறது. புற்றுநோய் செல்லுக்கு இந்தச் சேதமே மேலும் மரபணு மாற்றங்களுக்கு வழிவிடக்கூடும்.

ரத்த ஸ்மியரில் (கண்ணாடித் தகட்டில் தேய்த்த ரத்தத்துளியில்) தினமும் பார்க்கும் நியூட்ரோஃபிலையும் சொல்ல வேண்டும். அதன் குரோமேட்டின் நன்றாக இறுகி, கட்டிகட்டியாக, அடர் கருமையில் இருக்கும். ஆனால் உட்கரு மூன்று நான்கு மடல்களாகப் பிரிந்திருக்கும், லேமின் ஏ மிகக் குறைவு. அதனால்தான் 2 சதுர மைக்ரான் துளையிலும் புகுந்துவிடுகிறது. கருமையாக இருந்தும் உடம்பிலேயே லாகவமாக ஊர்ந்து போகும் செல்களில் ஒன்று அது, புற்றுநோயோடு அதற்குச் சம்பந்தமே கிடையாது. (லேமின் பி ஏற்பிக்கான மரபணுவில் மாற்றம் இருந்தால் இந்த மடல்கள் சரியாகப் பிரியாது. இந்த நிலைக்குப் பெல்கர்-ஹூயே என்று பெயர். அதைச் சுமப்பவர்கள் பொதுவாக ஆரோக்கியமாகவே இருப்பார்கள். ஆனால் ஸ்மியரைப் பார்த்துத் தீவிரத் தொற்று என்று தவறாக எண்ணிவிட வாய்ப்புண்டு.)

எதிர்ப்பக்கம் தைராய்டின் பாப்பிலரி புற்றுநோய். அதன் உட்கருக்கள் ஃபார்மலினில் பதப்படுத்திய ஸ்லைடில் வெளிறி, தேய்த்த கண்ணாடி போலத் தெரியும். கருமையே இல்லை. ஆனால் கழுத்து நிணக்கணுக்களுக்குப் போவதில் அது கெட்டிக்காரன். அப்படிப் போயும் பெரும்பாலான நோயாளிகள் நன்றாகவே தேறிவிடுகிறார்கள்.

ஆக, ரிப்போர்ட்டில் உட்கருவைப் பற்றிய வரி கட்டியின் குணத்தைச் சொல்கிறது. மார்பகப் புற்றுநோயில் நாட்டிங்ஹாம் முறையில் உட்கருவுக்கு 1 முதல் 3 வரை மதிப்பெண். அதோடு குழாய் அமைப்புக்கும் செல் பிரிதலுக்கும் தலா 3 வரை. மூன்றையும் கூட்டி வருவது கிரேடு. பரவியிருக்கிறதா என்பது ஸ்டேஜ். அதை நிணக்கணுப் பரிசோதனையும் ஸ்கேனும்தான் சொல்லும். மருத்துவரிடம் கேட்கும்போது இந்த இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

சமீபமாக "உட்கருவைக் கட்டுப்படுத்திப் பரவலைத் தடுக்கும்" என்ற தொனியில் சத்துமாத்திரை விளம்பரங்கள் வந்தால் பணத்தைக் கொடுக்காதீர்கள். குரோமேட்டினைத் தளர்த்தும் மருந்துகள் உண்மையிலேயே இருக்கின்றன. வொரினோஸ்டாட் 2006-இல் தோலில் வரும் ஒருவகை டி செல் லிம்போமாவுக்காக (வெள்ளையணுப் புற்றுநோய்க்காக) அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது கொடுக்கப்படுவது அந்த லிம்போமாவுக்குச் சிகிச்சையாக. வேறு கட்டி பரவாமல் தடுக்க அல்ல.