மேட்டில் சிவப்பு, வயலில் சாம்பல்: மண்ணின் நிறம் மாறுவது எப்படி?

தம்பலகாமத்தில் கிணறு வெட்டும் வாசகர் ஒருவர், மேட்டுக் காணியின் மண் சிவந்திருக்க, பள்ளத்திலுள்ள வயலின் மண் மட்டும் ஏன் சாம்பல் நிறமாக இருக்கின்றது என்று கேட்டிருந்தார்.

உக்கல் கலந்த மேல்மண், மழைநீர் இறக்கிவிட்ட களி படிந்த கீழ்மண், பாதி சிதைந்த பாறை, அடியில் தாய்ப்பாறை என்ற படைகளைப் பாடசாலையில் படித்திருக்கின்றோம். ஆனால் அப்படைகளுக்கு நிறத்தைக் கொடுப்பதில் பெரும்பங்கு இரும்புக்கே உரியது. திருகோணமலை மாவட்டத்து மேட்டு நிலங்களில் பரவலாகக் காணப்படும் செங்கபில மண்ணில், பாறைக் கனியங்கள் சிதையும்போது வெளிப்படும் இரும்பு ஒட்சிசனுடன் சேர்ந்து, ஏமதைற்று என்னும் துருப்போன்ற செந்நிறக் கனியமாகி, களித் துணிக்கைகளின் மேல் மெல்லிய பூச்சாகப் படிகின்றது.

பள்ளத்தில் நிகழ்வது வேறு. வடகீழ்ப் பருவமழையும் குளத்து நீரும் மண்துளைகளை நிரப்பிவிட்டால், நீரினூடாக ஒட்சிசன் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே பரவும். இருந்த ஒட்சிசனை விரைவில் தீர்த்துவிடும் பற்றீரியாக்களுள் சில, சுவாசத்தில் வெளியேற்றவேண்டிய இலத்திரன்களை இரும்பிடம் ஒப்படைக்கின்றன. இலத்திரனைப் பெற்ற இரும்பு நீரில் கரைந்து விலகிச் செல்ல, பூச்சை இழந்த களி தன் இயல்பான சாம்பல் நிறத்தைக் காட்டுகின்றது. கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் மூச்சுவிடுவதனால் ஒரு வயல்வெளியே நிறம் மாறுகின்றது என்பது என்னை இன்றும் வியக்க வைக்கின்றது.

அதனினும் அழகானது நெல்வேரின் செயல். நெற்பயிர் தன் உடலிலுள்ள காற்றறைகள் வழியாக ஒட்சிசனை வேருக்கு இறக்குகின்றது. அதில் ஒரு பகுதி வெளியே கசிந்து, அருகில் கரைந்திருக்கும் இரும்பை மீண்டும் துருவாக்கி, வேரைச் சுற்றி உறையாகப் படியச் செய்கின்றது. வேர் உக்கிப் போன பின்னரும் அத்துரு நிலைத்திருக்கும் என்பதால், அறுவடை முடிந்த வயலில் ஒரு மண்கட்டியை உடைத்தால் சாம்பல் களியினூடே செம்மஞ்சள் கோடுகள் ஓடுவதைக் காணலாம்.

நீர் ஏறியும் இறங்கியும் வரும் ஆழத்திலும் இத்தகைய துருப்புள்ளிகள் உருவாகின்றன. உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்ப்பவரை நாடுவதிலும், வெட்டிய குழியின் சுவரைப் பகல் வெளிச்சத்தில் உற்றுப் பார்ப்பதே பயனுடையது என்பது என் உறுதியான கருத்து. வாசகரின் கிணற்றில் சிவப்பு மங்கி, சாம்பலும் துருவும் கலந்து தொடங்கும் ஆழம், பெரும்பாலும் மாரியில் நீர் ஏறி நிற்கும் மட்டமாகும். கோடையில் நீர் அதற்கும் கீழே இறங்கிவிடும் என்பதால், அவர் அந்த மட்டத்தோடு நிறுத்தாமல் மேலும் வெட்டவேண்டியிருக்கும்.