உருக்கிப் பார்க்காதீர்கள், அது காரீயம்

சமீபத்தில் இது மூன்றாவது ஆள். துணியில் சுற்றிய கல்லை என் மேசையில் வைத்து, "சார், பாதியை உருக்கிட்டோம். வெள்ளையா ஓடிச்சு. வெள்ளிதானே?" என்றார். எங்கே உருக்கினீர்கள் என்றேன். கொல்லையில், கரி அடுப்பில். காற்று ஊதியது எட்டு வயதுப் பையனாம்!

ஓடியது காரீயம். கல், கலீனா என்ற காரீயத் தாது.

பளபளப்பதுதான் வெள்ளித் தாது என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. வெள்ளிப் பாத்திரம் கறுத்துப்போகிறதே, அந்தக் கறுப்பு பெரும்பாலும் வெள்ளி சல்பைடு. முக்கியமான வெள்ளித் தாதுவான அகாந்தைட்டும் அதே சேர்மம்தான். புதிதாக வெட்டிய இடம் மட்டும் மினுங்கும். அப்புறம் அதுவும் கரி பூசினாற்போல் மங்கிவிடும். 1859இல் நெவாடாவின் காம்ஸ்டாக்கில் தங்கம் சலித்தவர்கள், சல்லடையை அடைத்த கருநீலச் சேற்றைத் திட்டிக்கொண்டே அள்ளி எறிந்தார்கள். சோதித்தபோதுதான் அது வளமான வெள்ளித் தாது என்று தெரிந்தது.

எடையை நம்பாதீர்கள். அகாந்தைட்டின் ஒப்படர்த்தி சுமார் 7.2, கலீனாவுக்கு 7.5, கையில் வித்தியாசம் தெரியாது. முன்னதில் 87 சதவீதம் வெள்ளி, பின்னதிலும் கிட்டத்தட்ட அதே 87, ஆனால் காரீயம். கனசதுர வடிவத்தையும் நம்பாதீர்கள். சுமார் 173 டிகிரிக்கு மேல் உருவான அகாந்தைட், ஆறும்போது உள்ளமைப்பு மாறினாலும் பழைய கனசதுரச் சட்டையைக் கழற்றுவதில்லை. (ஆர்ஜென்டைட் என்ற பழைய பெயர்ச்சீட்டு இதனால்தான் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.) கத்தியை வையுங்கள்: அகாந்தைட் சீவல் சீவலாக வரும், கலீனா குட்டிக் கனசதுரங்களாக நொறுங்கும்.

கலீனாவிலும் வெள்ளி இருக்கலாம், சரி. டன்னுக்குச் சில நூறு கிராம் இருந்தாலே சுரங்கக்காரருக்கு அது நல்ல தாது. உங்கள் கைப்பிடிக் கல்லில் அது எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சிவப்பாகக் கண்ணாடிபோல் இருந்தால் அது ப்ரூஸ்டைட் என்ற வெள்ளித் தாதுவாக இருக்கலாம். அதைச் சூடாக்கினால் ஆர்சனிக் புகை, வெயிலில் வைத்தால் கறுத்துப்போகும். பெட்டிக்குள் இருட்டில் வையுங்கள், தயவுசெய்து.

ஏற்கெனவே உருக்கிவிட்டீர்களா? காரீயத் தூசு நஞ்சு. சாம்பலைப் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். அந்த உடைகளைத் தனியாகத் துவையுங்கள். அங்கிருந்த குழந்தைகளுக்கு ரத்தத்தில் காரீய அளவைச் சோதிக்கச் சொல்லுங்கள், இந்த வாரமே.